ஆச்சியை எழுதப் போகிறவளுக்கு

தாயி, ஆச்சி போய் வருஷம் திரும்பப் போகிறது, அவள் வாழ்க்கையை எழுத வேண்டும் என்கிறாய். இருக்கும்போது ஒன்றும் கேட்டு வைக்கவில்லையே என்று வருத்தமும் படுகிறாய். வருத்தப்படாதே. எண்பத்தேழு வருஷம் வாழ்ந்தவளை ஒரே நாளில் மொத்தமாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட முடியாது. தங்கச்சியிடம் கொஞ்சம், மருமகளிடம் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரியிடம் கொஞ்சம், டிரங்குப் பெட்டியில் கொஞ்சம் என்று அவள் இன்னும் இந்தக் கோவில்பட்டியில்தான் இருக்கிறாள். உனக்கு ஆச்சி, எனக்கு மதினி. என் தலையைச் சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். ஆனாலும் நான் அறிந்தது திண்ணையிலிருந்து பார்த்த மதினியை. அடுப்படியில் இருந்தவளை எனக்குத் தெரியாது. அதனால் அவள் கதையை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. அந்தக் கதையைத் தேடுகிறவள் எப்படி இருக்க வேண்டும் என்று, வயசானவன் என்ற உரிமையில் சிலதைச் சொல்கிறேன்.

1. முதலில் பேரை எழுது. வீட்டில் அவள் ஆச்சி. தெருவில் இன்னார் பெண்டாட்டி, பிறகு இன்னார் அம்மா. மொய் நோட்டில் தாத்தா பேர், தாத்தா போன பிறகு மூத்த மகன் பேர். குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவள் பேர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1951–52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வந்த ஆளிடம் சொந்தப் பேரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்று மட்டும் சொன்ன பெண்கள் ஏராளம். பெரும்பாலும் வட மாநிலங்களில். அப்படிப் பேரில்லாமல் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேர் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று ஆகிவிடும். மதினி செத்த அன்றைக்குக் கழுகுமலையிலிருந்து வந்த அவள் தங்கச்சி, யாருமே கேட்டிராத ஒரு செல்லப் பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அந்தப் பேரை வைத்தது யார், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்தார்கள், எந்த வயசுவரை அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள். முதல் பக்கத்தில் அது இருக்கட்டும்.

2. உன் அன்பைக் கொஞ்ச நாள் தள்ளி உட்காரச் சொல். அன்பு இல்லாமல் இதை எழுத முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பேனா அன்பின் கையில் இருக்கக்கூடாது. நீ பிறந்தபோது ஆச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. நீ பார்த்தது நரைத்த தலையும், முறுக்கு டப்பாவும், உனக்காக விழித்திருந்த ராத்திரிகளும். அதற்கு முன்னே ஒரு முழு வாழ்க்கை நடந்து முடிந்திருந்தது. பாவாடை கட்டிய சிறுமியாக அவள் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தாள். புதுப் பெண்ணாக இந்த ஊருக்கு வந்து மில் சங்குச் சத்தத்தைக் கேட்டு மிரண்டாள். கோபத்தில் ஒரு தடவை பிறந்த வீட்டுக்கு நடந்தே போனாள். அவள் ஆச்சியாகப் பிறக்கவில்லை. நீ இல்லாத காலத்திலிருந்து தொடங்கு.

3. வருஷத்தைக் கேட்காதே, சம்பவத்தைக் கேள். மதினி பிறந்தது தாது வருஷம் என்பார்கள். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருதரம் திரும்பி வரும். ஒரு தாது 1876-ல் வந்தது, பஞ்சத்தோடு பேர் சேர்ந்துபோன தாது அதுதான். அடுத்த தாது 1936 சித்திரையில் தொடங்கியது. வயசானவர்கள் பேச்சில் இரண்டும் கலந்து வரும். பாட்டி சொல்லக் கேட்ட பஞ்சத்தைத் தாங்களே பட்டினி கிடந்து அனுபவித்ததுபோலச் சொல்வார்கள். அதைப் பொய் என்று தள்ளாதே, அப்படியே உண்மை என்றும் எழுதாதே. கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்.

மற்ற தேதிகளுக்கும் இதே வழிதான். ‘நயா பைசா வந்தப்ப’ என்றால் 1957 ஏப்ரல். ‘தனுஷ்கோடியைக் கடல் கொண்டப்ப’ என்றால் 1964 டிசம்பர். ‘இந்திச் சண்டை’ 1965. அண்ணா செத்தது 1969 பிப்ரவரி, காமராசர் செத்தது 1975 அக்டோபர், எம்.ஜி.ஆர். செத்தது 1987 டிசம்பர். இந்தச் சாவுகளுக்கெல்லாம் நம் தெருவில் அடுப்பு எரியாமல் இருந்த நாட்கள் உண்டு. அந்த நாளில் உங்கள் அப்பா தவழ்ந்தாரா, நடந்தாரா, கையில் கட்டுப் போட்டிருந்தாரா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். மதினிக்கு இரண்டாவது பிரசவம் புயலுக்கு முந்தியா பிந்தியா என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த அவள் அண்ணன் குழந்தைக்குச் சட்டைத்துணி கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவர் வந்தது தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து. புயலோடு அந்தப் பாதை போய்விட்டது. ஆகவே பிரசவம் புயலுக்கு முந்திதான் என்று தீர்ந்தது.

4. காசைப் பற்றி எழுதக் கூச்சப்படாதே. ஆச்சியின் பாசத்தைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, ஆச்சியின் வரவு செலவைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. தாத்தாவின் சம்பளம் எல்லோருக்கும் தெரியும். அது மாசக் கடைசிவரை வராது என்பதும் தெரியும். வராத நாட்களை எது தாண்ட வைத்தது என்று கேட்டுப் பார்த்தாயா? மதினி தீப்பெட்டி ஒட்டினாள். கம்பெனியிலிருந்து மரப்பட்டையும் தாளும் வாங்கி வந்து, மைதாப் பசை காய்ச்சி, சோற்று வேலை முடிந்த பிறகு விளக்கடியில் உட்கார்ந்து ஒட்டுவாள். குரோஸ் கணக்கில் கூலி, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் இப்படித்தான் வந்தது. மானம் பார்த்த பூமி இது. மழை தவறினால் காட்டில் வேலை இல்லை, பெட்டிதான் கைகொடுத்தது. ஆனால் அதை வேலை என்று யாரும் சொல்லவில்லை. ‘சும்மா இருக்கிற நேரத்துல ஒட்டுறா’ என்றார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, திண்ணையில் இருந்த நாங்கள் ‘வீட்டில் இருக்கிறாள்’ என்றுதான் சொன்னோம்.

சிறுவாட்டுக் காசு எங்கே ஒளிந்திருந்தது, சீட்டு யாரிடம் போட்டாள், எந்த நகை எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போய் வந்தது, இதெல்லாம் வேண்டும். மதினியின் அம்மா காதில் பாம்படம் தொங்கியது. அதை அழித்து மகளுக்குக் கம்மலும் சங்கிலியும் செய்ய நினைத்திருந்த நேரத்தில், 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று உத்தரவு. ஆசாரிகள் பலர் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். பாம்படம் அப்படியே பெட்டியில் கிடந்தது. அப்புறம் அது கம்மலாகவும் ஆகவில்லை. உன் பெரியப்பாவின் கல்லூரிக் கட்டணமாகப் போனது. உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அந்தக் காதிலிருந்து இறங்கி வந்தவர் என்று எழுது.

5. போலீஸ்காரர் போலக் கேள்வி கேட்காதே. ஆச்சியின் சேக்காளி ஒருத்தி மேலத் தெருவில் இருக்கிறாள். பெட்டி ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியவள். அவள் முன்னால் செல்போனை நீட்டி ‘சொல்லுங்க’ என்றால் சாமி சத்தியமாக ஒன்றும் வராது. அவள் கீரை ஆய்ந்தால் நீயும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்துகொடு. கை ஓடும்போதுதான் நம் பெண்களுக்கு வாய் ஓடும். அவர்கள் வாழ்க்கையில் கையைக் கட்டிக்கொண்டு பேசிய நேரம் கிடையாது. ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்று அவள் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திவிடு. தாண்டிப் போகாதே, மறக்கவும் செய்யாதே. அடுத்த முறை அவளாகவே அங்கே வருவாள். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்து வீரம்மாவின் வாழ்க்கையை அவர் வாய்மொழியாகவே ஜோசியான் ரசீன் கேட்டுப் பதிந்தார். 1995-ல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. கூலி வேலை செய்து எழுதப் படிக்காமல் வாழ்ந்த அந்தப் பெண்ணின் சிரிப்பும் ஏச்சும் அழுகையும் அதில் இருக்கிறதென்றால், ஆண்டுக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால்தான்.

6. டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது பட்டுச் சேலைக்கு முன்னால் காகிதத்தைப் பார். மொய் நோட்டு, அடகு ரசீது, தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம், மணியார்டர் துண்டு, கொழும்புத் தபால், பழைய ரேஷன் கார்டு. எதையும் ‘குப்பை’ என்று அள்ளிப் போட விடாதே. மொய் நோட்டைப் பொறுமையாகப் படி. யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் அடுத்த கல்யாணத்தில் ஏன் இல்லை. சண்டையும் சமாதானமும் அதில் எழுதாமலே எழுதியிருக்கும்.

ஒரு பத்திரத்தை மட்டும் முக்கியமாகத் தேடு. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு, உயில் எழுதாமல் தகப்பன் செத்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. அதனால் அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரிக்கும்போது அக்கா தங்கச்சியிடம் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி வாங்குவது வழக்கமானது. மதினியையும் ஒருநாள் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள், ஒரு சேலையும் பூவும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பிறந்த வீட்டுப் பாசம் என்று அதற்குப் பேர் வைத்து முடித்துவிடாதே. அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடித்துப் பார், எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து அது.

7. சாப்பாட்டைப் பற்றி எழுதலாம், ருசியோடு நின்றுவிடாதே. நீ சாப்பிட்ட பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் அவள் பின்னாளில் கண்ட வசதி. அவள் சிறுபிள்ளையில் கம்பங்கஞ்சியும் குதிரைவாலிச் சோறும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அறுபதுகளின் நடுவில் அரிசிக்குப் பட்ட பாடும், 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி என்று ஊரெல்லாம் பேசிய பேச்சும் அவள் உலையோடு சம்பந்தப்பட்டவை. தண்ணீரையும் எழுது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் நம் ஊரில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எத்தனை நேரம் காத்துக் கிடக்க வேண்டும் என்று கேள். கடைசியாக ஒன்று, அவள் எப்போது சாப்பிட்டாள்? எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் என்ன மிச்சம் இருந்தது?

8. பெத்தது எத்தனை, தக்கினது எத்தனை என்று இரண்டையும் கேள். உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஐந்து என்று நீ எழுதுவாய். எட்டு, தாயி. மூன்று தக்கவில்லை. அவர்களுக்குப் பேர் இருந்தது, ஒன்றுக்குக் காதுகூடக் குத்தியாகிவிட்டது. அவர்களையும் வரிசையில் சேர்.

9. குறையை மறைக்காதே. இதுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன்.

உன் அம்மாவிடம் போய்க் கேள். மருமகள் சொல்லும் ஆச்சி வேறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் வீட்டிலும் நடந்ததுதான். பேரனுக்கு முழு முட்டை, பேத்திக்குப் பாதி முட்டை என்று வைத்ததும் அதே கைதான். உனக்கு அப்போது வயசு பத்தாது, உன் அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று. நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தனிக் குவளை இருந்தது. அவர்களுக்கு முன்கட்டு வாசல் கிடையாது. அந்தக் குவளையை ஒதுக்கி வைத்தவளும் உன் ஆச்சிதான். பசி என்று வந்த யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்று ஊர் சொல்கிறது. அது உண்மை. குவளையும் உண்மை. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்காதே. அதே காலத்தில் அந்தக் குவளையில் குடித்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு எழுதுகிறார்கள். வேலைக்கு வந்த வீட்டுப் பெண்களில் யாராவது உன்னிடம் பேசச் சம்மதித்தால், நீ அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேள், இங்கே வரச் சொல்லாதே. அவர்கள் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் எழுதிக்கொள். ஆச்சியைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று உன் மனசு அடித்துக்கொள்ளும். அவள் பெரிய மனுஷி, உண்மையைத் தாங்குவாள். ஜோடித்த ஆச்சி ஒருத்தியை எழுதி வைத்தால், அவளை நேரில் அறிந்த ஒருவரும் அதை நம்ப மாட்டார்கள்.

10. எல்லாவற்றையும் எழுது, எல்லாவற்றையும் அச்சில் போடாதே. உயிரோடு இருக்கும் ஒருவர் தலைகுனிய வேண்டி வரும் விஷயம் கைக்கு வரும். ஓடிப்போன தங்கச்சி, ஒருவரும் பேசாத ஒரு சாவு, அந்த மாதிரி. அதைத் தனி நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

11. அவள் சொன்னபடியே சொல்லை வை. இடைசெவல் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சுக்கு அவரால் ஒரு மரியாதை வந்தது. ஆச்சியின் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித் திருத்தாதே. அவள் ஏசிய ஏச்சும் இருக்கட்டும்.

12. சந்தோஷத்தை விட்டுவிடாதே. கஷ்டத்தை மட்டும் எழுதினால் அவள் வாழ்க்கை முழுக்க மூட்டை தூக்கியதாகிவிடும். மதினிக்கு டூரிங் டாக்கீஸ் என்றால் உயிர். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்பாள். படத்தில் யார் அழுதாலும் கூட அழுவாள், வரும் வழியெல்லாம் அந்தக் கதையைப் பேசிச் சிரிப்பாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போகும் கூட்டத்தில் அவளும் சேக்காளிகளும் போவார்கள். போய் வந்த பத்து நாளைக்கு முகமே வேறாக இருக்கும். வேண்டுதல் மட்டுமல்ல அது. வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் சமையல் இல்லாமல், புருஷன் பிள்ளைகள் இல்லாமல் அவளுக்கென்று கிடைத்த நாள். அந்த வழியெல்லாம் அவர்கள் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்று எந்த ஆம்பிளைக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

13. இந்த வாழ்க்கையிலிருந்து என்ன பாடம் என்று தேடாதே. அவள் உனக்குப் பாடம் நடத்த வாழவில்லை. எழுதி முடித்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டு. ‘அப்படி இல்லை’ என்று யாராவது குறுக்கே பேசினால் அந்த மறுப்பையும் அதே பக்கத்தில் சேர்த்துக்கொள். உன் அம்மாவுக்கு முதலில் பேச வாய்ப்புக் கொடு, உன் அப்பாவுக்கு அப்புறம்.

மேலத் தெருவில் இருக்கும் அந்தச் சேக்காளிக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. கண் பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. பெட்டி ஒட்டிய ராத்திரிகளும் இருக்கன்குடி நடையும் அவளிடம்தான் இருக்கின்றன. தேர்வு முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளிப் போடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு வா, நான் கூட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நான் பக்கத்தில் இருந்தால் அவள் பேச மாட்டாள்.